பெரிய எழுத்தில் கலப்படம்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தத் தாளைக் கையில் கொடுத்தாலும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க மாட்டேன், எப்படி எழுதியிருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். கல்யாணப் பத்திரிகை வந்தால் பெண் யார், மாப்பிள்ளை எந்த ஊர் என்று வீட்டில் எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்க, நான் மட்டும் "இதென்ன, ஒரே பக்கத்தில் ஆறு விதமான எழுத்து?" என்று புலம்பிக்கொண்டிருப்பேன். இடம் பற்றாமல் எழுத்துகளைப் பக்கவாட்டில் நசுக்கி வைத்திருந்தால் அந்தக் கல்யாணத்துக்கே போகப் பிடிக்காது. போய்ச் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவேன், அது வேறு விஷயம்.

பிழைப்பும் இதுதான். செகந்திராபாத் பக்கம் சனத்நகரில் ஒரு சின்ன அலுவலகத்தில் பதினைந்து வருஷமாகக் கம்பெனிகளுக்கு விளம்பரத் தாள்களும் கேட்லாக்குகளும் வடிவமைத்துக் கொடுக்கிறேன். சுற்றிலும் பட்டறைகள் என்பதால் வருகிறவர்கள் எல்லாரும் பம்பு செய்கிற, வால்வு செய்கிற தெலுங்குக்காரர்கள். வேலை முழுக்க ஆங்கிலத்தில். வால்வைப் பற்றி உருகி உருகி எழுத ஒன்றும் கிடையாது. ஆனால் வாங்குகிறவர் கண் முதலில் எங்கே விழவேண்டும், அங்கிருந்து எங்கே போகவேண்டும், எதைப் பெரிதாகப் போடுவது, எதை அடக்கி வாசிப்பது என்று தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. ஒரு பக்கத்தில் ஒரே ஒரு விஷயம்தான் சத்தமாகப் பேசலாம் என்று வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்வேன். "அன்னீ பெத்தகா பெட்டண்டி மேடம்" என்பார்கள். எல்லாவற்றையும் பெரிதாகப் போடவேண்டுமாம். சண்டை போடுவேன். பாதிச் சண்டைகளில் ஜெயிப்பேன்.

இந்த வேலையை ஒரு வேலையாகவே மதிக்காதவர் என் நாத்தனார், என் கணவரின் அக்கா. நான் கல்யாணமாகி வந்த புதிதில் என்ன உத்தியோகம் என்று கேட்டார். விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எழுத்தைப் பெரிசாக்குறதுக்கும் சின்னதாக்குறதுக்கும் சம்பளம் குடுக்குறாங்களா?" என்றார். கிண்டல் இல்லை, நிஜமான சந்தேகம். அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

அவருடைய சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. முப்பத்தைந்து வருஷம் ஒரு ராணுவ அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தவர். டைப்ரைட்டரில் எழுத்து ஒரே அளவுதான். முக்கியமான வார்த்தை என்றால் கீழே ஒரு கோடு அடிப்பார்கள், கதை முடிந்தது. கம்ப்யூட்டர் வந்த பிறகும் அவர் எழுத்தின் அளவை மாற்றியதே இல்லை என்று கேள்வி. திருமுல்கேரியில் பழைய காலனி வீட்டில் தனியாக இருக்கிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாலு தலைமுறைக்கு முன்னால் கன்டோன்மென்ட் வேலைக்கு ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். எங்கள் தமிழில் இன்றைக்கும் ஆற்காடும் செகந்திராபாத்தும் ஒரே வாக்கியத்தில் அடித்துக்கொள்ளும். வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', ஆமாம் என்பதற்கு 'ஹவ்', எதற்கு என்பதற்கு 'கைக்கு' என்று நடுநடுவே உருது வந்து விழும்.

ஓய்வுபெற்ற பிறகு அவர் பருப்புப் பொடி அரைத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் டப்பா டப்பாவாகக் கொடுக்க ஆரம்பித்தார். அந்தப் பொடியைப் பற்றி நான் பெருமையாகச் சொன்னால் குடும்பப் பாசம் என்பீர்கள். பாசம் எல்லாம் ஒன்றும் இல்லை, பொடி நிஜமாகவே அப்படி. உப்பலில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்துக்குப் போன டப்பாவிலிருந்து அந்தத் தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கும் தெலுங்குக்காரர் வாய் வரை பொடி போய்ச் சேர்ந்தது. அவர் நாத்தனாருக்கே போன் செய்துவிட்டார். தன் கடையில் ஒரு அலமாரித் தட்டு ஒரு மாதத்துக்குத் தருவதாகச் சொன்னார். பாக்கெட் நகர்ந்தால் தட்டு நாத்தனாருக்கே. நகராவிட்டால் எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும்.

கூடவே ஒரு நிபந்தனை போட்டார். பாக்கெட் கம்பெனி பாக்கெட் போல இருக்கவேண்டும், "அரவ அக்ஷராலு" பெரிதாக இருக்கவேண்டும். அரவம் என்றால் தமிழ். தெலுங்குப் பொடி அவர் கடையில் கொட்டிக் கிடக்கிறது. இது தமிழ்ப் பொடி என்று யாரும் நம்பவேண்டுமானால் தமிழ் எழுத்து கண்ணில் படவேண்டும் என்றார். என்னைக் கேட்டால், பதினைந்து வருஷத்தில் எனக்கு வந்த வாடிக்கையாளர்களில் எழுத்தைப் பற்றி இவ்வளவு தெளிவாகப் பேசியவர் தமிழ் படிக்கத் தெரியாத அந்த மனிதர் ஒருவர்தான்.

நாத்தனார் என் வீட்டுக்கு வந்தார். காபியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"நீதான் பண்ணித் தரணும்மா. எத்தனை லெட்டர் அடிச்சிருப்பேன். எல்லாம் எவனோ சொன்னது, கீழே கையெழுத்தும் எவனோடதோ. என்னுதுன்னு ஒண்ணு வெளியே போய் நிக்கணும். ஒரு மாசத்துல தூக்கிட்டுப் போன்னு சொல்லிட்டான்னா எனக்குத் தாங்காது."

அவர் இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. "அக்கா, விடுங்க, நான் பார்த்துக்கறேன்" என்றேன். மனசுக்குள் இன்னொன்றும் ஓடியது. பெரிசாக்குறதும் சின்னதாக்குறதும் என்ன வேலை என்று இப்போது காட்டுகிறேன் பார், என்று.

"என்ன எழுதணும்?"

"பேரு கீரு எல்லாம் நக்கோ. அது எங்கேயாவது ஓரமா இருக்கட்டும். கலப்படம் இல்லைன்னு போடு. அதைத்தான் ஜனங்க பாக்குறாங்க இப்போ."

சரியான யோசனைதான். பொடிகளில் எதை எதையோ கலக்கிறார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த சமயம். பேர் என்று ஒன்று வைத்து ஓரமாகப் போட்டோம். அது என்ன என்று இங்கே சொல்லத் தேவையில்லை, எனக்கே மறந்துகொண்டு வருகிறது.

கை பழகிய வழியில் முதலில் ஆங்கிலத்தில் ஒரு மாதிரி போட்டுப் பார்த்தேன். மேலே பாக்கெட்டில் பாதியை அடைத்துக்கொண்டு தடித்த எழுத்தில் 'நோ'. அதன் கீழே மெல்லிய சின்ன எழுத்தில் 'அடல்ட்ரேஷன்'. அதற்குக் கீழே பருப்புப் பொடி என்று. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. கண் நேராக 'நோ'வில் போய் முட்டியது. பிறகு அந்த வார்த்தைகளை எடுத்துவிட்டு அதே இடத்தில் தமிழைக் கொண்டுவந்து உட்காரவைத்தேன். மேல் வரியில் முதல் வார்த்தை, கீழ் வரியில் இரண்டாவது வார்த்தை.

அதன் பிறகு நான் பட்ட பாட்டைச் சொல்லியாக வேண்டும். தமிழ் எழுத்தை ஆங்கிலம் போல நடத்த முடியாது. எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி விட்டால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று ஓடிவிடும். 'பொடி'யில் இருக்கும் கால் தனியாக நின்றால் 'ர' என்று படிப்பார்கள். சாய்த்துப் போட்டால் எழுத்தே தள்ளாடும். மேலே வரும் விசிறியும் கீழே வரும் சுழியும் இடித்துக்கொள்ளாமல் இருக்க வரிகளைத் தள்ளித் தள்ளி வைக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே புள்ளி. கரும்பச்சையில் வெள்ளை எழுத்து போட்டால் மை பரவி முதலில் அடைபடுவது புள்ளிதான். புள்ளி போனால் மானம் போனது. இவ்வளவையும் பார்த்துப் பார்த்துச் செய்தேன். நாலு நாள் வால்வுக்காரர்களைக் காக்கவைத்தேன். நான் தமிழில் செய்த முதல் வேலை அது. திமிராகவே இருந்தது.

நாத்தனாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். டைப்பிஸ்ட் கண் ஆயிற்றே. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போன் திரையில் இரண்டு விரலால் விரித்து விரித்து, ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்தாராம். பின்பக்கத்தில் ஒரு 'ப்' விட்டுப்போனதைக் கண்டுபிடித்தார். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு திருத்தினேன்.

"ஹவ், இப்போ சரியா இருக்குது. அடிச்சுடச் சொல்லு" என்றார்.

எங்கள் அலுவலகத்துக்குப் பின்சந்தில் பாக்கெட் அச்சடிக்கும் தெலுங்குக்காரரிடம் கொடுத்தேன். புள்ளி அடைபட்டால் உங்களைச் சும்மா விடமாட்டேன் என்று சொல்லியிருந்தேன். அவரும் லென்ஸ் வைத்து ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்துவிட்டு, "சுக்கலன்னீ உன்னாயி மேடம்" என்றார். எல்லாப் புள்ளியும் பத்திரமாக இருந்தது. ஐந்நூறு பாக்கெட் அச்சாகி வந்தது.

சனிக்கிழமை கடைக்குப் போகவேண்டும். புதன்கிழமை சாயங்காலம் கட்டுகளை ஆட்டோவில் போட்டுக்கொண்டு திருமுல்கேரிக்குப் போனேன். வீடு முழுக்க வறுத்த பருப்பும் பெருங்காயமும் மணத்தது. நாத்தனார் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மூக்குக் கண்ணாடியில் மாவு படிந்திருந்ததால் அதைக் கழற்றி வைத்திருந்தார். நான் ஒரு பாக்கெட்டில் பொடியை நிரப்பி, ஃபிரிட்ஜ் மேல் நிறுத்தி, "அங்கேயே நின்னு பாருங்க அக்கா. கடையில் அப்படித்தான் தெரியும்" என்றேன். கைதட்டலுக்குக் காத்திருந்தேன் என்றுதான் சொல்லவேண்டும்.

அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தார்.

"கலப்படம்."

நான் தலையாட்டினேன்.

"கீழே என்னமோ கோடு மாதிரி இருக்குது. அப்புறம், பருப்புப் பொடி." பிறகு முழுசாகச் சேர்த்துச் சொன்னார். "கலப்படம் பருப்புப் பொடி."

"கோடு இல்லக்கா, அது 'இல்லை'."

"எது இல்லை?"

"அந்தக் கோடு. அதுதான் 'இல்லை'ங்கற வார்த்தை."

சொல்லும்போதே எனக்கு உறைத்தது. ஆங்கிலக்காரன் 'இல்லை'யை முதலிலேயே சொல்லிவிடுகிறான், நாம் கடைசியில் சொல்கிறோம். இது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். 'நோ'வுக்கு என்று நான் செதுக்கி வைத்திருந்த சிம்மாசனத்தில் கலப்படத்தைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு, 'இல்லை'யைக் காலடியில் போட்டிருந்தேன். எத்தனை முறை பார்த்திருப்பேன். புள்ளியைப் பார்த்தேன், கொம்பைப் பார்த்தேன், சுழியைப் பார்த்தேன். அவரோ போனில் விரித்து விரித்துப் பார்த்தார். விரித்தால் எல்லா வார்த்தையும் ஒரே அளவுதானே தெரியும். அச்சுக்காரருக்குத் தமிழே தெரியாது. ஆக மூன்று பேரும் பொறுப்பாகப் பார்த்து, ஐந்நூறு பாக்கெட்டில் கலப்படம் என்று கொட்டை எழுத்தில் அடித்துவிட்டோம்.

முதலில் நான் வாதாடினேன். பக்கத்தில் போய்ப் பார்த்தால் தெரியும், யாரும் அப்படித் தப்பாகப் படிக்கமாட்டார்கள் என்றேன். என் சுபாவம் அது. வாதாடிக்கொண்டே கணவருக்கு ஒரு போட்டோ அனுப்பினேன், அவராவது எனக்குப் பரிந்து பேசுவார் என்று. அவர் போன் செய்து பேச முடியாமல் சிரித்துக்கொண்டே இருந்தார். வைத்துவிட்டேன். அதற்குமேல் என்னால் வாதாட முடியவில்லை, அழுகை வந்துவிட்டது. எல்லாக் கல்யாணப் பத்திரிகையையும் பழித்த வாய் இது. அதைவிட, தாங்காது என்று சொன்ன அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. திரும்ப அச்சடிக்க ஒரு வாரமாவது ஆகும். சனிக்கிழமை வரவில்லையென்றால் அந்தத் தட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள்.

நாத்தனார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பாக்கெட்டைக் கையில் எடுத்தார்.

"கைக்கு அழறே? டைப் அடிக்கும்போது ஒரு வார்த்தை தப்பாப் போச்சுன்னா லெட்டரையே கிழிச்சா போட்டோம்? சின்னதா ஒரு துண்டு ஒட்டி, மேலேயே அடிப்போம். ஒட்டிடலாம்."

"எதை ஒட்டறது?"

"இல்லையை."

மறுநாள் காலையிலேயே ஸ்டிக்கர் வரைய உட்கார்ந்தேன். பாக்கெட்டின் பச்சைக்குப் பொருத்தமாக ஒரு வெளிர் பச்சை வட்டம், அதில் நாகரிகமாக 'இல்லை'. தாளில் அச்சடித்துப் பாக்கெட்டில் ஒட்டி, வீட்டு ஹாலின் கோடியில் வைத்தேன். வந்திருந்த நாத்தனார் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு எதிர்க் கோடியில் நின்றார்.

"இல்லை இருக்குதா அதுல?" என்றார்.

அடுத்து வெள்ளை வட்டம். அடுத்து ஆரஞ்சு. ஒவ்வொன்றுக்கும் உதட்டைப் பிதுக்கினார். கடைசியில் அவரே மாதிரி வண்ணத் தாளில் விரலை வைத்தார். மஞ்சள். தள்ளுபடிக் கடை நோட்டீசில் வருமே, கண்ணைக் குத்தும் மஞ்சள், அது. அந்த மஞ்சளை நான் வாழ்நாளில் தொட்டதில்லை. கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதில் கருப்பில், கலப்படத்தைவிடத் தடித்த எழுத்தில் 'இல்லை'. ஹாலின் கோடியில் வைத்ததும், "இல்லை" என்று சட்டென்று படித்தார். கண்ணாடி இல்லாமல்தான். நானும் பார்த்தேன். அசிங்கமாகத்தான் இருந்தது. ஆனால் வேலை செய்தது. ஒரு எழுத்தின் அழகு எட்டடி தள்ளி நிற்கிறவருக்கு எப்படித் தெரிகிறது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. நான்தான் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன், அதுதான் வேடிக்கை.

அன்று சாயங்காலமே ஸ்டிக்கரை அச்சடித்து வாங்கி, வெள்ளிக்கிழமை முழுக்க ஒட்டினோம். நான் ஸ்கேல் வைத்து, கலப்படத்தின் கடைசிப் புள்ளியிலிருந்து சரியாக அளந்து ஒட்டினேன். அவர் பேசிக்கொண்டே கை போன போக்கில் ஒட்டினார். நான் ஒட்டியது எல்லாம் அரசாங்க முத்திரை மாதிரி இருந்தது. அவர் ஒட்டியது கொஞ்சம் சாய்ந்து, யாரோ நடுவில் புகுந்து 'இல்லை' என்று அடித்துச் சொல்வது போல இருந்தது. பத்து பாக்கெட் ஆனதும் ஸ்கேலை வைத்துவிட்டேன். அன்றைக்குப் போல நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்ததில்லை. "இங்கே கொஞ்சம் இல்லை குடு" என்பார். "இல்லை தீர்ந்துபோச்சுக்கா" என்பேன். இதற்கே வயிறு வலிக்கச் சிரித்தோம்.

சனிக்கிழமை உப்பல் கடையில் பாக்கெட்டுகளை அடுக்கினோம். கடைக்காரர் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மஞ்சள் வட்டத்தில் விரல் வைத்து, "இதி ஏமிட்டி அம்மா?" என்று கேட்டார்.

"இல்லை" என்று படித்துக் காட்டினார் நாத்தனார்.

"இல்லை?"

"ஹவ், இல்லை."

அர்த்தம் சொல்லலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் கடைக்காரர் ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து, மார்க்கர் பேனாவால் தெலுங்கில் கொட்டை கொட்டையாக எழுதித் தட்டில் மாட்டிவிட்டார். 'இல்லை பொடி.' நாங்கள் ஓரமாகப் போட்டிருந்த பெயரை அவர் பார்க்கவே இல்லை. பொடிக்குப் பெயரே அதுதான் என்று நினைத்துக்கொண்டார். திருத்தப்போன என்னை நாத்தனார் முழங்கையால் இடித்தார். "விடு, எதையாவது சொல்லிக் குழப்பாதே" என்றார்.

முதல் பத்து நாள் ஒன்றும் பெரிதாக நகரவில்லை. நாத்தனார் தினமும் எனக்குப் போன் செய்து, பொடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், வெயிலைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் பேசிவிட்டு வைப்பார். நான் ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்குகிற சாக்கில் கடைக்குப் போய்த் துவரம்பருப்புப் பக்கம் ஒதுங்கி நின்றேன். தமிழ் பேசிக்கொண்டு ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். அந்தப் பெண் தட்டுக்கு முன்னால் நின்று, பாக்கெட்டைப் படித்து, பக்கத்திலேயே நின்ற கடைப் பையனைத் தெலுங்கு அட்டையையும் படிக்கச் சொல்லிக் கேட்டு, புருஷனிடம், "இல்லை பொடி இருக்காம்" என்றாள். இரண்டு பேரும் சிரித்துப் போட்டோ எடுத்தார்கள். சிரித்துவிட்டு வைத்துவிட்டுப் போகப்போகிறார்கள் என்று நினைத்தேன். ஆளுக்கு ஒன்றாக இரண்டு பாக்கெட் எடுத்துக்கொண்டு போனார்கள். நான் தேவையில்லாமல் நாலு கிலோ பருப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மாதம் முடிய ஐந்து நாள் இருக்கும்போது நான் திருமுல்கேரியில் நாத்தனார் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். தவறில்லாத புது வடிவம் ஒன்று செய்து கொண்டுபோயிருந்தேன். அதில் வார்த்தைகள் தமிழ் வழக்கப்படி ஒழுங்காக அமர்ந்திருந்தன. மஞ்சள் கிடையாது. அதை அவர் வாங்கிப் பார்க்கும்போது போன் அடித்தது. கடைக்காரர். நாத்தனார் ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, இல்லை அயிப்போயிந்தி. மீ தக்கர இங்கா இல்லை உந்தா?"

இல்லை தீர்ந்துவிட்டதாம். இன்னும் இல்லை இருக்கிறதா என்று கேட்கிறார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நாத்தனார் சிரிக்கவில்லை.

"உந்தி" என்றார். இன்னொரு தரம் அழுத்திச் சொன்னார். "உந்தி, உந்தி. சாலா உந்தி." நிறைய இருக்கிறதாம். தட்டு உங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டுக் கடைக்காரர் போனை வைத்துவிட்டார்.

நாத்தனார் என் புது வடிவத்தை மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தார். கண் நிறைந்திருந்தது.

"என் பேரு தெரியாது அந்தாளுக்கு" என்றார். "பரவால்ல. நான் அரைச்சதுக்குப் பேரு வந்திடுச்சும்மா."

அப்புறம் பருப்பு வறுக்க எழுந்து போனார். நானும் பின்னாலேயே போனேன்.